‘காசு பார்க்கும் பொடியன்’ எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் யூடியூப் பற்றிய கட்டுரையில், “பிறர் உருவாக்கிய கேமை வைத்துக் காசு பார்க்கும் பொடியன்கள்” என்று ஒரு வரி. அந்தப் பொடியன்களில் நானும் ஒருவன். வயது 34. பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை.

கடை அடைத்த பிறகு, மைக்கில் இரைச்சல் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு, பனியன் நனைய உட்கார்ந்து கேம் விளையாடிக்கொண்டே பேசிப் பதிவு செய்து யூடியூபில் போடுகிறேன். “ஏலே, அங்கன போவாதல” என்று நான் கத்துவதைக் கேட்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். விளம்பரப் பணம் பெற யூடியூப் கேட்கும் ஆயிரம் சந்தாதாரர், 4,000 மணி நேரப் பார்வை என்ற வாசலைத் தாண்டவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. தாண்டிய மறுவாரமே கேம் கம்பெனி ஒன்று என் வீடியோவுக்கு உரிமை கோரியது. வீடியோ இருக்கலாமாம், விளம்பரப் பணம் மட்டும் அவர்களுக்காம். ஆட்சேபித்தால் அதைப் பரிசீலிப்பதும் அதே கம்பெனிதான், அதற்கு 30 நாள் அவகாசம் வேறு. வேலிக்கு ஓணான் சாட்சி. போன தொகை இரண்டு பார்சல் சாப்பாட்டுக்குக் காணாது. அது வேறு விஷயம்.

ஜப்பான் கேம் கம்பெனியான நின்டெண்டோ 2013-இல் இப்படி மொத்தப் பணத்தையும் எடுக்கத் தொடங்கியதும், 2015-இல் வீடியோவுக்கு 60 சதவீதம், சேனலாகப் பதிந்தால் 70 சதவீதம் தருகிறோம் என்று இறங்கி வந்ததும், 2018 இறுதியில் அந்தத் திட்டத்தையே மூடியதும் தாங்கள் அறியாததல்ல. கட்டுரையாளருக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலும்.

சரி, பிறர் உழைப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிக் கிடந்ததை நான் எடுத்த படம் தங்கள் பத்திரிகையில் வந்தது. கீழே ‘படம்: வாட்ஸ்அப்’ என்று இருந்தது. வாட்ஸ்அப் அண்ணாச்சிதான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எடுத்தார் போல! அப்போதும் கடிதம் போட்டேன். பதில் இல்லை. அதற்கு முன்பு நான் அனுப்பிய தேரோட்டக் குறிப்பை வெட்டி, வேறு ஊர்ச் செய்தியோடு சேர்த்துப் போட்டதையும் மறக்கவில்லை. இருந்தும் பன்னிரண்டு வருடமாகத் தங்கள் பத்திரிகைதான் என் கடை மேசையில் கிடக்கிறது.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். சன்மானமும் வேண்டாம். வெள்ளம் பற்றி எழுதும்போதெல்லாம் அந்தப் படத்தை மறுபடி போடுகிறீர்கள். அடுத்த முறை கீழே என் பெயரைப் போடுங்கள். பிழை வந்துவிடக் கூடாதென்று தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை