ஆல்பத்தில் காணாமல் போன படங்கள்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. தங்கைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் மூட்டுவலியும் சௌக்கியமாகவே இருக்கிறது.

சிறுவர் நாவல் பாதி தாண்டிவிட்டது. ‘கம்யூனிஸ்ட் நாட்டிலிருந்து தப்பிக்கிற கதை என்கிறாய், துப்பாக்கிச் சூடுகூட இல்லையே, பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்?’ என்று கேட்டிருந்தாய். நான் எடுத்துக்கொண்டது 1961 கோடை, கிழக்கு ஜெர்மனி. பெர்லின் சுவர் இன்னும் எழவில்லை. மேற்கு ஜெர்மனியோடு இருந்த மற்ற எல்லையை 1952-லேயே அடைத்துவிட்டார்கள். ஆனால் கிழக்கு பெர்லினில் 20 ஃபெனிக் சில்லறை கொடுத்து நகர ரயிலில் ஏறினால் சில நிமிஷத்தில் மேற்கு பெர்லினில் இறங்கிவிடலாம். 1949-லிருந்து 25 லட்சம் பேருக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள்.

வாசல் திறந்தே கிடப்பதால்தான் என் கதையில் வரும் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அப்பா டிரெஸ்டனில் டாக்டர். கூட இருந்த டாக்டர்கள் ஒவ்வொருவராகப் போய்விட, வார்டு முழுக்க அவர் தலையில். சர்ச்சுக்குப் போகும் மூத்த பையனுக்கு மேல்படிப்பு கிடைக்காது. பாட்டியோ நகர மாட்டேன் என்கிறாள்.

சின்னவள் ஆன்னாவிடம் யாரும் வாய் திறப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் உளறிவிட்டால்? போகத் திட்டம் போட்டாலே ஜெயில். பெரிய பெட்டியோடு ரயிலேறினால் பெர்லின் வருவதற்குள் போலீஸ் இறக்கிவிடும். அதனால் அம்மா நல்ல வெயிலில் அவளுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கவுன் மாட்டிப் பார்க்கிறாள். ஒருநாள் ஆல்பத்தைப் புரட்டினால் நாலு படங்களைக் காணோம். படத்தின் மூலைகளைப் பிடித்திருந்த காகித முக்கோணங்கள் மட்டும் ஒட்டியபடி இருக்கின்றன. அங்கிருந்து ஆன்னா துப்பறிய ஆரம்பிக்கிறாள். எனக்கு இதுவே போதும், துப்பாக்கி எதற்கு?

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம். பக்கத்து வீட்டுக் கட்சிக்காரரை அரக்கனாக்க மாட்டேன். ஹிட்லர் காலத்தில் சிறையில் கிடந்து வந்த மனிதர், இந்த நாட்டை நிஜமாகவே நம்புகிறவர். ஆன்னாவுக்கு செஸ் சொல்லித்தருவதும் அவர்தான். அவரிடம் அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்பதுதான் வீட்டுக்குப் பெரிய பயம்.

முடிவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ‘சுவர் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை’ என்று ஜூன் 15 அன்று கிழக்கு ஜெர்மனித் தலைவர் உல்பிரிக்ட் சொன்னார். ஆகஸ்ட் 13, ஞாயிறு விடிவதற்குள் முள்கம்பி இழுத்துவிட்டார்கள். கதையைச் சனிக்கிழமை ராத்திரியோடு நிறுத்துவதா, ஞாயிறுக்கும் கொண்டுபோவதா? முதல் நாலு அத்தியாயம் அனுப்புகிறேன். உன் பேத்தியிடம் கொடு. அபிப்பிராயம் கேட்காதே, எங்கே பக்கத்தைத் தள்ளுகிறாள் என்று மட்டும் பார்த்துச் சொல்.

அன்புடன்,
ராகவன்