கண்ணாடியில ஆவி படியுதுன்னு சொன்னியே பாப்பா

பாப்பா,

பசியாறிட்டியா? இல்லன்னுதான் சொல்லுவே, தெரியும். நேத்து ராத்திரி வீடியோ கால்ல பேசிக்கிட்டே தூங்கிட்டே, நான் கட் பண்ணாம கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன், மூக்கு மேல மாஸ்க் கம்பி அழுத்துன தடம் ரெண்டு பக்கமும் செவப்பா அப்படியே இருந்துச்சு. வாய்ஸ் மெசேஜ் அனுப்புனா ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓட்டி விட்டுருவே, அதான் உக்காந்து டைப் பண்றேன். அப்பா பசாருக்கு மீன் வாங்க போயிருக்காரு, அவரு வர்றதுக்குள்ள முடிக்கணும்.

நீ சொன்னது மனசுலயே நிக்குதுடி. ஐசோலேஷன் வார்டுல ரத்தம் எடுக்கும்போது காகிள்ஸ் பூரா ஆவி படிஞ்சு ஊசி முனையே தெரியல, விரலால நரம்ப தடவி பாத்து குத்துனேன்மான்னு சிரிச்சே. எனக்கு சிரிப்பு வரல. அப்புறம் கொரல எறக்கி இன்னொண்ணு சொன்னே, ஒரு தடவ உள்ள இருக்கும்போதே காகிள்ஸ தூக்கி கையால தொடச்சிட்டேன்னு. அந்த கிளவுஸ் எதையெல்லாம் தொட்டுச்சுன்னு உனக்கு தெரியாதா, டாக்டருக்கு படிச்சது நீயா நானா?

சரி, திட்டல. திட்டறதுக்கு எனக்கு அருகதையும் இல்ல, ஏன்னு சொல்றேன். நான் பாயான் லெப்பாஸ் கிலாங்ல, அதான் அந்த சிப்பு ஃபேக்டரில, எடுத்த போட்டோவ பாத்து நீயும் தம்பியும் பூதம் பூதம்னு கேலி பண்ணுவீங்களே, தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, மாஸ்க், கிளவுஸ், கண்ணு மட்டும்தான் வெளிய, அதுலயும் கண்ணாடி. ஏர்கான் குளுகுளுன்னு அடிக்கும். மைக்ரோஸ்கோப்ல கண்ண வச்சி தங்கக் கம்பிய பாக்கணும், தலைமுடியில மூணுல ஒரு பங்கு தடிப்புதான் இருக்கும், அது சிப்புல இருந்து அதோட உலோகக் காலுக்கு போற எடத்துல ஒழுங்கா ஒட்டியிருக்கா இல்ல தூக்கிக்கிட்டு நிக்குதான்னு பாத்து ஒவ்வொண்ணா தள்ளணும். மூச்சு கொஞ்சம் மேல வந்துச்சுன்னா போச்சு, கண்ணாடியும் மங்கும் ஸ்கோப்போட ஐபீஸும் மங்கும். ஒரு நைட் ஷிப்டு, விடியக்காலம் 3 மணி இருக்கும், அன்னிக்கு எனக்கு வேற சளி, எல்லாமே பால் ஊத்துன மாதிரி தெரியுது. வெளிய போயி சரி பண்ணிக்கிட்டு வரணும்னா உடுப்ப கழட்டி, மறுபடி போட்டு, தூசிய ஊதி எடுக்கற ஏர் ஷவர்ல நின்னு வரணும், கால் மணி நேரம் போயிரும், அன்னிக்கு டார்கெட்டு வேற பின்னால இருந்துச்சு. சூப்பர்வைசர் மூஞ்சிய நெனச்சிக்கிட்டு, நல்லாதான் இருக்கும்னு ஒரு ட்ரே முழுசா பாஸ் போட்டுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சி அந்த லாட்டு திரும்பி வந்துச்சு. ஆபீஸுக்கு கூப்ட்டு வச்சி கேட்டாங்க, இது உன் கையெழுத்தான்னு. ஆமான்னு சொன்னேன், கண்ணு தெரியலன்னு மட்டும் அப்பவும் சொல்லல பாரு. நான் தள்ளுனது சிப்பு, உன் கையில இருக்கறது ஊசி, அந்தப் பக்கம் ஒரு ஆளு கைய நீட்டிக்கிட்டு படுத்திருக்காங்க.

அதனால, தெரியலன்னா நிறுத்திடு. சிஸ்டர் எனக்கு கண்ணாடி மங்கிடுச்சுன்னு வாய தொறந்து சொல்லிட்டு, எங்க எப்படி கழட்டணும்னு சொல்லி குடுத்தாங்களோ அங்க போயி அந்த வரிசைப்படி கழட்டி, கை கழுவி, புதுசா போட்டுக்கிட்டு உள்ள போ. உன் மேல இருக்கற எம்ஓ, அந்த மெடிக்கல் ஆபீசரு, திட்டுனா திட்டட்டும் லா. ஹவுஸ்மேன்னா, அதான் பயிற்சி டாக்டருன்னா, திட்டு வாங்கறதும் போஸ்டிங்ல ஒரு பகுதிதான்னு நீயே சொல்லுவியே.

இப்ப ஆவி விஷயத்துக்கு வர்றேன். தம்பிகிட்ட கேட்டேன், அவன் யுனிவர்சிட்டி லீவுல வீட்லதான் கெடக்கான், அவன் சொன்னதையும் எனக்கு கிலாங்ல தெரிஞ்சதையும் சேத்து சொல்றேன். நம்ம மூச்சு 34 டிகிரி கிட்ட சூடு, ஈரம் நெறஞ்சது. உங்க ரூம்ல ஏர்கான் 20 டிகிரின்னா கண்ணாடியும் ஏறக்குறைய அந்த குளிர்ல இருக்கும். மாஸ்க்கோட மேல் விளிம்புல மூக்குப் பக்கத்துல சந்து இருந்தா சூடான மூச்சு நேரா கண்ணாடில மோதி பொடிப்பொடி தண்ணி முத்தா நிக்குது. தண்ணி இருக்கறது பிரச்சன இல்ல, முத்து முத்தா நிக்கறதுதான் பிரச்சன, ஒவ்வொரு முத்தும் வெளிச்சத்த ஒரு பக்கம் செதற அடிக்குது. அதே தண்ணி தட்டையா ஏடு மாதிரி பரவிடுச்சுன்னா கண்ணுக்கே தெரியாது. சோப்பு போட்டா பரவுது, அவ்ளோதான் சூட்சுமம். இங்க கர்னில ஏர்கான் போட்ட ஷாப்பிங் மால்ல இருந்து வெளிய வந்தா கண்ணாடி மங்குமே, அது வேற கத, அங்க கண்ணாடி குளுந்து போயி வெளிக்காத்து ஈரம் வெளிப் பக்கத்துல படியுது, ஒரு நிமிஷத்துல தானா போயிடும். உனக்கு உள் பக்கம், நீ மூச்சு விடற வரைக்கும் நிக்காது.

அதனால மொதல்ல கண்ணாடிய பாக்காதே, மூக்க பாரு. மூஞ்சியோட ஒட்டி நிக்கற என்95 மாஸ்க் போட்டுக்கிட்டு கண்ணாடி மட்டும் போடும்போதே மங்குச்சுன்னா, காத்து வெளிய வர்ற வழி இருக்குன்னு அர்த்தம், வெளிய வர்ற வழியில உள்ளயும் போகும். சோப்பு போட்டு ஆவிய மறைச்சிட்டா மாஸ்க் சரியாயிடுச்சுன்னு நெனச்சிக்கிடாதே, அந்த ஆவி உனக்கு கோள் மூட்டி விடுது, அது நல்லதுதான். மூக்குக் கம்பிய ஒரு கையால கிள்ளாதே, கிள்ளுனா நடுவுல கூரா மடிஞ்சி ரெண்டு பக்கமும் சந்து விழும். ரெண்டு கையிலயும் ரெண்டு ரெண்டு விரல வச்சி நடுவுல இருந்து கன்னத்துப் பக்கமா அழுத்திக்கிட்டே போ. அப்புறம் ரெண்டு கையால மாஸ்க்க மூடி மூச்ச விட்டு பாரு, கண்ணுப் பக்கம் காத்து பட்டா மறுபடி மொதல்ல இருந்து. எத்தன தடவ அழுத்துனாலும் நிக்கலன்னா அந்த மாடல் உன் மூஞ்சிக்கு ஆகாது. உனக்கு அப்பத்தா மாதிரி சப்ப மூக்கு, என்ன பண்றது, வேற மாடல் வேற சைஸ் குடுங்க, மாஸ்க் மூஞ்சிக்கு ஒட்டுதான்னு பாக்கற ஃபிட் டெஸ்ட் பண்ணணும்னு கேளு. கூச்சப்படாதே.

மூக்கு மேல மாஸ்க் விளிம்புக்கு அடியில டிஷ்யூ மடிச்சி வைக்கறது, டேப் ஒட்டறதுன்னு ஆளாளுக்கு சொல்லுவாங்க. சாதா சர்ஜிக்கல் மாஸ்க்குக்கு ரெண்டும் சரிதான், மாஸ்க் மேல் விளிம்ப மைக்ரோபோர் டேப்பால, அதான் தோல்ல ஒட்டற மருத்துவ டேப்பால, மூக்கோடயும் கன்னத்தோடயும் ஒட்டிட்டா நல்லா நிக்கும். டிஷ்யூவ எங்க கிலாங்ல உள்ளயே விட மாட்டாங்க, நார் உதிரும். என்95க்குள்ள டிஷ்யூ வச்சிராதே, தோலோட ஒட்ட வேண்டிய எடத்துல டிஷ்யூ இருந்தா சீலே போச்சு. சந்து இருக்கற என்95 மேல டேப்ப ஒட்டுனாலும் அது சரியான மாஸ்க் ஆயிடாது. இன்னொண்ணும் யோசிச்சேன், ஷிப்டு முடிஞ்சி கழட்டும்போது டேப்ப உரிக்க கை மூஞ்சிகிட்ட போவுது, அது ஒரு வேல கூட. அதனால எனக்கு டேப்ப விட சோப்புதான் பிடிச்சிருக்கு.

சோப்பு போடறதுக்கு அம்மா முறை. கண்ணாடியோ காகிள்ஸோ, கிருமிநாசினி போட்டு தொடைக்கறது எல்லாம் மொதல்ல முடிச்சிடு, சோப்பு கடைசியில, மாத்தி செஞ்சா தொடைக்கும்போது சோப்பும் போயிடும். பேபி ஷாம்பு இல்லன்னா பாத்திரம் கழுவற சோப்பு, ஒரே ஒரு சொட்டு, கொஞ்சம் தண்ணியில கலந்து உள் பக்கமா விரலால பூசு. உதறிட்டு அப்படியே காய விடு, அலசாதே, டிஷ்யூ போட்டு அழுத்தி தேய்க்காதே. இங்கிலாந்து சர்ஜன்கள் பத்திரிகைலயே 2011ல இத எழுதியிருக்காங்களாம், கண்ணாடிய சோப்புத் தண்ணியில கழுவி உதறி காய வச்சிட்டு மாஸ்க் போடுங்கன்னு, தம்பி காட்டுனான். எனக்கு இத 1991லயே லைன்ல பக்கத்து ஸ்கோப்புல இருந்த ஒரு சீனத்து அக்கா சொல்லி குடுத்துட்டாங்க, அவங்கள யாரு பத்திரிகைல போட்டா. ஒவ்வொரு ஷிப்டுக்கும் புதுசா போடணும், நேத்து போட்டது இன்னிக்கு நிக்காது. காகிள்ஸுல கம்பெனியே ஆன்டிஃபாக் கோட்டிங் போட்டு குடுத்திருந்தா அதுல கைய வைக்காதே, ஆல்கஹால் வச்சி தேய்ச்சா அந்த கோட்டிங்கே போயிடும். டூத்பேஸ்ட்டு வேணவே வேணாம், பிளாஸ்டிக்ல கீறல் விழுந்து நெரந்தரமா மங்கிப் போகும். என்95 மேல சனிடைசர் அடிக்கறாங்களாமே சில பேரு, அது மகா தப்பு, அந்த துணியில இருக்கற மின்சாரப் பிடிப்புதான் பொடிய இழுத்து வைக்குது, ஆல்கஹால் பட்டா அது செத்துரும், பாக்கறதுக்கு மாஸ்க் புதுசு மாதிரியேதான் இருக்கும்.

ரொம்ப அள்ளி பூசிராதே. வேர்வையோட சேந்து கண்ணுல எறங்குனா எரியும், உள்ள இருக்கும்போது கண்ண கசக்கவும் முடியாது. விண்வெளிக்கு போனவங்களுக்கே இந்த கூத்து நடந்திருக்காம். 1966 ஜூன்ல ஜெமினி 9ல போன செர்னன்னு ஒருத்தரு வெளிய மெதந்துக்கிட்டு வேல செய்யும்போது ஹெல்மெட் கண்ணாடி பூரா மங்கி, மூக்கு நுனியால தேய்ச்சி ஒரு ஓட்ட போட்டு அது வழியா பாத்தாராம். அதுக்கப்புறம்தான் ஹெல்மெட்டு உள்ள சோப்பு மாதிரி ஒரு மருந்து பூச ஆரம்பிச்சாங்க. 2001ல கனடாக்காரரு ஹாட்ஃபீல்டு வெளிய நிக்கும்போது அந்த மருந்தே கண்ணுல பட்டு, அங்க கண்ணீரு கீழ வழியாதுல்ல, உருண்டையா நின்னு இந்த கண்ணுல இருந்து அந்த கண்ணுக்கு போயி ரெண்டு கண்ணும் தெரியாம போச்சாம். தம்பி இத சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிக்கறான், எனக்கு அந்த ஆளோட அம்மாவ நெனச்சி பாவமா இருந்துச்சு.

இன்னொண்ணு, மாஸ்க் சரியா இருந்தும் காகிள்ஸ் உள்ள மங்குதுன்னா அது மூச்சு இல்ல, வேர்வை. பிளாஸ்டிக் கவுன்ல உடம்பு அவிஞ்சி, மூஞ்சி ஈரம் காகிள்ஸுக்குள்ளயே சுத்துது. ஓரத்துல காத்து போற ஓட்ட இருக்கும், அத அடைச்சிராதே. பட்டைய ரொம்ப இறுக்கவும் வேணாம், காகிள்ஸ் கீழ் விளிம்பு மாஸ்க் மேல ஏறி உக்காந்தா அதுவே மூக்குப் பக்கம் மாஸ்க்க தூக்கிரும். எப்பவும் மாஸ்க் மொதல்ல, அப்புறம் கண்ணாடி, அப்புறம் காகிள்ஸ். ஃபேஸ் ஷீல்டு போட்டா போதும்னு சொல்ற எடத்துல அத போடு, காத்து போகும். 2020 மார்ச்ல கொரோனாவுக்கு பிகேபின்னு நடமாட்டக் கட்டுப்பாடு போட்டப்ப நாங்க நம்ம தாமான் குடியிருப்புல உக்காந்து ட்ரான்ஸ்பேரன்ஸி சீட்டும் ஸ்பாஞ்சும் வச்சி ஷீல்டு செஞ்சி ஆஸ்பத்திரிக்கு குடுத்தோமே ஞாபகம் இருக்கா, ஸ்பாஞ்ச தடியா வச்சா நெத்திக்கும் சீட்டுக்கும் எடவெளி கெடச்சி கம்மியா மங்குச்சு, அத கண்டுபிடிச்சது உங்க அப்பா. இப்ப கேட்டா மாஸ்க்க கண்டுபிடிச்சதே தான்தான்னு சொல்லுவாரு.

மாஸ்க்னு சொன்னதும் ஞாபகம் வருது, டாக்டர் வூ லியன் தே நம்ம ஊர்க்காரருதான், 1879ல பினாங்குல பொறந்து பினாங் ஃப்ரீ ஸ்கூல்ல படிச்சவரு. 1910 கடைசியில மஞ்சூரியாவுல கொள்ளைநோய் வந்தப்ப, இது மூச்சுல பரவுதுன்னு சொல்லி துணியும் பஞ்சும் அடுக்கி மாஸ்க் செஞ்சி எல்லாரையும் போட சொன்னாரு. பிரெஞ்சுக்கார டாக்டர் ஒருத்தரு கேக்காம மாஸ்க் இல்லாம வார்டுக்குள்ள போயி கொஞ்ச நாள்லயே செத்துட்டாரு. அந்த ஊரு குளுர்ல கண்ணாடி போட்ட டாக்டருங்க எல்லாம் என்ன பாடுபட்டிருப்பாங்கன்னு நெனச்சிக்கிடுவேன், அத மட்டும் யாரும் சொல்றதில்ல.

பார்சல் ஒண்ணு இன்னிக்கு போடறேன். சின்ன பேபி ஷாம்பு ரெண்டு, மைக்ரோபோர் டேப் நாலு, 5 வெள்ளிக்கு வாங்குன கண்ணாடி கயிறு, குனியும்போது கண்ணாடி நழுவாம இருக்க. மூக்குத் தடத்துக்கு வாசலின் வச்சிருக்கேன், வீட்டுக்கு வந்தப்புறம் மட்டும் போடு, வேலைக்கு போகும்போது போட்டா மாஸ்க் வழுக்கும். முறுக்கு தனி டப்பால இருக்கு, ஷாம்பு வாட வரும்னுதான் தனியா கட்டுனேன், அப்படியும் வந்தா தம்பிய கேளு, அவன்தான் கட்டுனான்.

ஃபிட் டெஸ்ட் கேட்டியா இல்லையான்னு மட்டும் ராத்திரி மெசேஜ் போடு. அப்பா மோட்டார் சத்தம் கேக்குது, மீன் வந்துருச்சு.

அம்மா