ஆண்டு அனுபவித்தது யார்?

அன்பு மருமகனுக்கு, அத்தை எழுதுவது.

பொங்கலன்று இலை முன்னால் உட்கார்ந்து உன் அப்பாவிடம் கேட்டாய்: "உங்க காலத்துல நிலமும் இருந்துச்சு, வேலையும் இருந்துச்சு. எல்லாத்தையும் ஆண்டு அனுபவிச்சிட்டு எங்க தலையில கடனை வச்சிட்டீங்க." அவன் பதில் சொல்லவில்லை. மோரைக்கூட வாங்காமல் எழுந்துவிட்டான். அந்த இலை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. வாடகையும் கல்விக் கடன் தவணையும் போனால் உன் கையில் என்ன நிற்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் மேல் குற்றமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. உன் மாமா பழைய ஓய்வூதியம் வாங்குகிறார். 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது என்று ஆனபோது, "நமக்கு ஒன்றும் இல்லையே" என்று வீட்டில் நிம்மதியாகப் படுத்தோம். உங்களை நினைக்கவில்லை. ஆற்றில் லாரி லாரியாக மணல் போனதையும் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் நாங்கள். இதற்கெல்லாம் நீ கேட்கலாம். கேட்க வேண்டும்.

ஆனால் "நீங்க எல்லாம்" என்றாயே, அந்த "எல்லாம்" யார்?

தாத்தாவுக்கு இருந்தது ஒரு வேலி. அதாவது இருபது மா; மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். மூன்று ஆண்பிள்ளைகளுக்குப் பிரித்தபோது ஆளுக்கு ஏழு மாகூடத் தேறவில்லை. எனக்கு ஒரு குழி நிலம் இல்லை. என்னை 1986 வைகாசியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். 1989-ல் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது, அந்த மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவளுக்கு இல்லை என்றார்கள். கல்யாணமானவளுக்கும் உண்டு என்று 2005-ல் மத்திய சட்டம் வருவதற்குள் எங்கள் பாகப்பிரிவினை பதிவாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. நம் வயலில் நாற்று நட்டாளே அந்த அம்மா, எழுபதை நெருங்கியும் இன்னும் நடவுக்குப் போகிறாள். அவளும் எங்கள் காலத்துக்காரிதான். அவளிடம் போய் "உங்க காலத்துல நிலம் இருந்துச்சு" என்று உன்னால் சொல்ல முடியுமா? நிலம் இருந்தவன், இல்லாதவன் என்று பிரித்துப் பார். வயதை வைத்துப் பிரித்தால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

உன் அப்பாவிடம் நிலம் இருந்ததே என்பாய். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம், குறுவை நெல்லுக்குத் தண்ணீர் விடும் ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறக்கவே இல்லை. எங்கள் பக்கம் மோட்டார் வைத்தவன்தான் குறுவை போட்டான். உன் அப்பாவிடம் மோட்டார் இல்லை. அந்த எட்டு வருஷத்தின் நடுவில், 2015-ல், உன்னைக் காலேஜில் சேர்க்க மூன்று மாவை விற்றான். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். பேனா மை விரலில் ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தான். மறு வருஷச் சம்பா கருகியது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து கொல்லைத் தென்னையைச் சாய்த்தது. இதில் எதை அவன் ஆண்டான், எதை அனுபவித்தான்?

அன்று எல்லாரும் பிள்ளைகளை இன்ஜினியரிங்கில் சேர்த்தார்கள். அவனும் சேர்த்தான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காதது தப்புதான், அதை அவனிடமே சொல்.

மாசியில் சம்பா அறுப்பு. இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு வா. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். காயப்போட்டு, பனிக்குப் படுதா மூடி, அம்பாரத்துக்குப் பக்கத்திலேயே அவன் ராத்திரி படுத்துக் கிடப்பான். நீயும் அங்கே ஒரு பாயை விரி. பொங்கலன்று கேட்டதை அங்கே கேள். பதில் சொல்வான்.

வரும்போது அவனுக்கு ஒரு டார்ச் லைட் வாங்கி வா. பழையது எரிவதில்லை.

உன் அத்தை