கண்ணாடிப் பவளத்தில் ஒரு படி எங்கள் கரைக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலையும் வடிவமைப்பும் கணினித் தொழில்நுட்பமும் சேர்ந்து, எண்ணிட்ட சில படிகளாக (ஒரே உருவின் பிரதிகளாக) மட்டுமே வார்க்கப்படும் கண்ணாடிச் சிற்பங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். செல்வந்தர் வீட்டு வரவேற்பறைக்கு உரிய பொருள் என்ற அளவிலேயே கட்டுரை அவற்றைப் பார்த்திருக்கிறது. இராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், இக்கலைக்கு எங்கள் கரையில் வேறொரு தேவை இருப்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஃபார்மலின் புட்டி ஒன்றில், பூவைப் போல் கைகளை விரிக்கும் கடல் உயிரான கடற்சாமந்தி ஒன்று இருந்தது. கைகளெல்லாம் உள்ளிழுத்துச் சுருங்கி, ஊறவைத்த சோற்றுப் பருக்கையின் நிறத்தில் அடியில் கிடக்கும். "சார், உயிரோட இருந்தப்ப இது என்ன நிறம்?" என்று ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு பிள்ளை கேட்கும். சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் வரைந்து காட்டுவதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை. பவளத்தின் நிலை இன்னும் கடினம். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், ஒரு கிளையை எடுத்து வைத்திருப்பதும் குற்றம். அச்சட்டம் மிகவும் சரியானது. சுண்ணாம்புக்காகப் பாரை, அதாவது பவளத் திட்டை, வெட்டி வண்டி வண்டியாகக் கொண்டுபோன காலத்தை இக்கரை பார்த்திருக்கிறது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த அந்த உயிர்களை, கரையிலேயே பிறந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் நிறத்தோடு கண்டதில்லை.

இந்தக் குறையைக் கண்ணாடி முன்பே ஒருமுறை தீர்த்திருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் லியோபோல்டு பிளாஷ்காவும் அவர் மகன் ருடால்பும், கண்ணாடிக் கம்பிகளை விளக்குச் சுடரில் இளக்கி இழுத்து, கடற்சாமந்தி, சொறி (ஜெல்லிமீன்), கடல் அட்டை முதலிய உயிர்களை அச்சு அசலாகச் செய்தனர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1885இல் 500க்கும் மேற்பட்ட உருக்களை மாணவர்களுக்காகவே வாங்கியது.

இன்றைய முறை வேறு. நீருக்கடியில் பல கோணங்களில் எடுத்த படங்களைக் கணினி ஒன்றிணைத்து முப்பரிமாண உருவமாக்குகிறது. பவளத்தைத் தொடவே வேண்டியதில்லை. அவ்வுரு மெழுகில் அச்சாகி, வெப்பம் தாங்கும் சாந்துக்குள் புதைந்து, மெழுகு உருகி வெளியேறியபின் அந்த வெற்றிடத்தில் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் கண்ணாடி இறங்குகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் படிமம் வார்ப்பதும் இதே மெழுகு வழியில்தான். அவசரப்பட்டு ஆறவிட்டால் விரிசல் விழும் என்பதால், தடித்த உருவைப் பல நாட்கள் உலைக்குள்ளேயே மெல்ல மெல்ல ஆற்றுகிறார்கள். சாந்து அச்சு ஒவ்வொரு முறையும் உடைபடும். கணினி உருவோ அப்படியே இருக்கும். ஆகவே இருபது படி போதும், இருபத்தைந்து போதும் என்ற வரம்பு கலைஞர் தாமே வைத்துக்கொள்வது. அந்த எண்ணிக்கையில் சேராத 'கலைஞர் படி' ஒன்றிரண்டைத் தனியே ஒதுக்கும் வழக்கமும் அத்துறையில் உண்டு.

என் வேண்டுகோள் இதுதான்: எங்கள் கடலின் உயிர் ஒன்றை உருவாக எடுத்துக்கொள்ளும் கலைஞர் எவராயினும், ஒரு படியை விற்காமல் இக்கரைக்குத் தர வேண்டும். மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகமோ, இராமநாதபுரம் இராமலிங்க விலாச அரண்மனையோ அதற்கு ஏற்ற இடம். சோடா மிகுந்த கண்ணாடி ஈரக்காற்றில் வியர்த்து மங்கிவிடும் என்பதால், எங்கள் உப்புக்காற்றுக்கு ஏற்ற கலவையையும் ஈரம் புகாத பேழையையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மாவட்ட நிர்வாகம் இச்செலவை ஏற்க முன்வர வேண்டும்.

கண்ணாடி எங்களுக்குப் புதிதன்று. வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தின் அகழாய்வில் ரோமானிய நாணயங்களோடு கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அந்த மணிக்கும் பாசி என்றே பெயர். தீவோரங்களில் மூழ்கி எங்கள் பெண்கள் எடுக்கும் கடல் தாவரமும் பாசிதான். வார்ப்பதற்கு முன் நிறக் கண்ணாடித் துண்டுகளை அந்தப் பெண்களிடம் காட்டிக் கேட்க வேண்டும். உயிருள்ள பாரின் நிறத்தை அவர்கள் அன்றாடம் முகத்துக்கு நேரே பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மண்டபம்.