போர் ஓவியம்னா பீரங்கி மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல போர் ஓவியங்கள் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் எழுதியிருக்காங்க, ஆனா போட்ட படம் எல்லாமே குதிரை, வாள், பீரங்கி, மார் நிமித்தி நிக்கிற தளபதி. அடிபட்டவனைத் தூக்கிட்டு ஓடுனவன், கட்டு போட்டவன் ஒருத்தனைக் கூட காணோம். அதை வரைய ஆளே இல்லாத மாதிரி!

முதல் உலகப்போர்ல மட்டுமே எத்தனை பேர் வரைஞ்சிருக்காங்க. ஹென்றி டாங்க்ஸ்னு ஒருத்தர், சர்ஜன் வேலையை விட்டுட்டு ஓவிய வாத்தியார் ஆனவர். 1916ல இங்கிலாந்துல ஆல்டர்ஷாட் ராணுவ ஆஸ்பத்திரியில பிளாஸ்டிக் சர்ஜரி முன்னோடி ஹரால்ட் கில்லீஸ்கூட சேர்ந்து, முகம் சிதைஞ்சு வந்த சிப்பாய்களை பேஸ்டல்ல, அதாவது கலர் சாக்பீஸ் மாதிரி குச்சியில, வரைஞ்சு கொடுத்தார். போட்டோ எடுக்கலாமேன்னு கேப்பீங்க, எடுக்கத்தான் செஞ்சாங்க, ஆனா கருப்பு வெள்ளை போட்டோவுல புண்ணோட நிறம், சதையோட ஈரம் எல்லாம் எங்க தெரியும்? அந்தப் படங்களை பொதுஜனம் பாக்குறதுல டாங்க்ஸுக்கே இஷ்டம் இல்ல, அதுவும் நியாயம்தான்.

ஜான் சிங்கர் சார்ஜென்ட்ங்கிற ஓவியர் வரைஞ்ச 'கேஸ்டு' (விஷவாயு பட்டவங்கன்னு அர்த்தம்) எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்துல இருக்கு, ஆறு மீட்டருக்கு மேல நீளம். மஸ்டர்ட் கேஸ்ங்கிற விஷவாயு பட்டு சிப்பாய்ங்க கண்ணைக் கட்டிக்கிட்டு, முன்னாடி போறவன் தோளைப் புடிச்சபடி வரிசையா போறாங்க. அதுல ஒருத்தன் படி இருக்குன்னு சொன்னதை நம்பி காலை தேவைக்கு மேல உசரத் தூக்குறான் பாருங்க, எனக்கு அந்த முழங்கால் போதும். பின்னாடி தூரத்துல சிலர் ஃபுட்பால் ஆடிக்கிட்டு இருக்காங்க.

ஆனா என்னைக் கேட்டா ஸ்டான்லி ஸ்பென்சர்ங்கிற இங்கிலாந்து ஓவியர்தான் ஒரு படி மேல. அவரே ராணுவ மருத்துவப் பிரிவுல வேலை பாத்தவர், மாசிடோனியாவுல 1916ல பாத்ததை 1919ல வரைஞ்சார். கோவேறு கழுதைங்க இழுத்துட்டு வந்த ஸ்ட்ரெச்சர்ல காயம்பட்டவங்க வரிசையா கிடக்காங்க, உள்ள வெளிச்சத்துல ஆபரேஷன் நடக்குது, கழுதைங்களும் அந்தப் பக்கமே எட்டிப் பாக்குது. டாக்டரை ஹீரோ ஆக்கல, அழுகை கூச்சல் எதுவும் இல்ல, எல்லாரும் தன் முறைக்கு காத்திருக்காங்க அவ்வளவுதான். வேலை பாத்தவனுக்குத்தான் அந்த காத்திருப்பு தெரியும்.

இன்னொண்ணு. அந்தப் போர்ல அடிபட்ட இந்திய சிப்பாய்களை இங்கிலாந்துல பிரைட்டன் அரண்மனையையே ஆஸ்பத்திரியாக்கி வெச்சிருந்தாங்க. அங்க டோம் கட்டடத்துக்குள்ள கட்டில் கட்டிலா நம்ம ஆளுங்க இருக்கிறதை டக்ளஸ் ஃபாக்ஸ் பிட்னு ஒரு ஓவியர் வரைஞ்சிருக்கார். அதையாவது அடுத்த இணைப்புல போடுங்க சார், தயவுசெஞ்சு கலர்ல, ஸ்டாம்ப் சைஸ்ல இல்லாம.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்