யூரினில் என்ன பஸ்?

ஐயா,

கோடைக்காலத்துச் சிறுநீரகக் கல் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர் குடிப்பது, உப்பைக் குறைப்பது, வாழைத்தண்டு எல்லாம் சரி. ஆனால் ஆபரேஷன் வரை போகிறவர்களுக்கு வேண்டிய ஒரு விஷயம் அதில் இல்லை. எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது அது.

என் மனைவிக்கு 58 வயது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் இடது சிறுநீரகத்தில் 14 மில்லிமீட்டர் கல் என்று ஸ்கேனில் தெரிந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், திங்கள் காலை சேர்ந்தால் செவ்வாய் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். சேர்ந்த அன்றைக்கே யூரின் டெஸ்ட் எடுத்து, ஒரு மணி நேரத்தில் தாளும் வந்துவிட்டது. "பஸ் செல் எட்டு, பத்து இருக்கு" என்றார் நர்ஸம்மா. 31 வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான்; யூரினில் என்ன பஸ் என்று கேட்டுச் சிரித்தேன். சீழ் அணுக்களை அப்படிச் சொல்வார்களாம். ஆன்டிபயாடிக் ஊசி போட்டாயிற்று, பயமில்லை என்றார்கள்.

லேசரில் கல்லைத் தூளாக்கியாயிற்று, எல்லாம் நல்லபடி என்று நான் மகனுக்குப் போன் செய்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு நடுக்கம் வந்தது. மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடியது. காய்ச்சல் 103. பிரஷர் 80க்குக் கீழே இறங்கியது. அப்புறம் ஐந்து நாள் ஐ.சி.யு. வாசல்தான்.

அங்கே இருந்த ஒரு இளம் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கல்லுக்குள்ளேயே கிருமி குடியிருக்கலாம். உடைக்கும்போது அது வெளியே வரும். கல் இருக்கும் இடம் டாக்டர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய உள்ளே சலைன் என்கிற உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பார்கள்; அழுத்தம் ஏறினால் கிருமி நேரே ரத்தத்தில் கலந்துவிடும். சாதாரண யூரின் டெஸ்டில் சீழ் இருக்கிறதா என்று தெரியும். என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்பது யூரினில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில்தான் தெரியும். அதற்கு இரண்டு மூன்று நாளாகும். எங்களுக்குக் கல்ச்சர் முடிவு ஆபரேஷனுக்கு அப்புறம் வந்தது: ஈ.கோலை என்கிற பாக்டீரியா. முதலில் போட்ட ஊசிக்கு அது அடங்காத ரகம்.

என் பங்குக்கும் ஒரு தப்பு உண்டு. அந்த ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்னால் அவளுக்கு நீர்க்கடுப்பு இருந்தது. மெடிக்கலில் சொல்லி மூன்று நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். டாக்டரிடம் அதைச் சொல்லவே இல்லை.

வலது பக்கக் கல்லுக்கு இந்த வருஷம் வேறு மருத்துவமனை போனோம். ஆபரேஷன் தேதிக்குப் பத்து நாள் முன்பே கல்ச்சர் கேட்டார்கள். கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் லேப் கொடுக்கும் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் எதுவும் சாப்பிடத் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குச் சேர வேண்டும். இவ்வளவு விவரம் முதல் தடவை யாரும் சொல்லவில்லை. கிருமி இருந்தது. அதற்கேற்ற மருந்து கொடுத்து ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளினார்கள். மகன் லீவு வீணாகிறதே என்று முணுமுணுத்தான், நான் வாயைத் திறக்கவில்லை. அடைத்துக்கொண்ட கல்லோடு காய்ச்சலும் இருந்தால் அன்றைக்குக் கல்லைத் தொடவே மாட்டோம், டியூப் வைத்து நீரை வடிய விட்டுவிட்டு அப்புறம்தான் உடைப்போம் என்றும் அந்த டாக்டர் சொன்னார். கல்ச்சர் சுத்தமாக வந்தாலும் கல்லுக்குள் கிருமி இருக்கலாமாம். அதனால் உடைத்த துண்டையும் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அடுத்த முறை கல் பற்றிக் கட்டுரை போடும்போது வாழைத்தண்டுக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக் கல்ச்சருக்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
கோவில்பட்டி