செயலாளரின் ஆண்டறிக்கை: செயின்ட் ஆண்ட்ரூஸ் கேமரா நடையும் மற்ற வேலைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்தின் டண்டியிலும் ஃபைஃப் பகுதியிலும் வாழும் நம்மவர்களின் புகைப்பட வட்டம் இந்த ஆண்டு செய்த வேலைகளைச் சபைமுன் வைக்கிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் விழாவில் குடும்பப் படங்கள் எடுத்துக் கொடுத்தோம். கோடையில் லென்ஸ் பரிமாற்ற நாள் நடந்தது. கண்காட்சிக்கு இடம் அமையாததால் அது தள்ளிப்போனது.

அக்டோபரில் நடந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கேமரா நடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழிகாட்டி யாரும் கூட வராமல், கையில் ஒரு தாளோடு அவரவர் வேகத்தில் ஊரைச் சுற்றிப் படம் எடுக்கும் நடை இது. தாளைத் தமிழில் நான் எழுதினேன். அதற்காக நாலு முறை அந்த ஊருக்குப் போய்வந்தேன். 1969-இலேயே அங்கே ரயில் நின்றுவிட்டது. லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். டண்டியிலிருந்து நேராகவும் பேருந்து உண்டு.

ஏன் அந்த ஊர் என்று சிலர் கேட்டார்கள். கோல்ஃப் ஊர் என்றுதான் அதை நாம் அறிவோம். ஸ்காட்லாந்தில் புகைப்படக் கலை வேர்விட்டதும் அங்கேதான். ஆங்கிலேயரான ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், காகிதத்தில் படம் எடுக்கத் தாம் கண்டுபிடித்த கேலோடைப் முறையைப் பற்றித் தம் நண்பர் டேவிட் ப்ரூஸ்டருக்குக் கடிதங்கள் எழுதினார். ப்ரூஸ்டர் அப்போது அங்கே கல்லூரி முதல்வர். டால்பட் இங்கிலாந்தில் வாங்கிய காப்புரிமை ஸ்காட்லாந்தில் செல்லாது. ஆகவே அந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் காசு கட்டாமல் செய்துபார்த்துக் கற்றுக்கொண்டார்கள். டாக்டர் ஜான் ஆடம்சன் 1841-இல் ஸ்காட்லாந்தின் முதல் கேலோடைப் உருவப்படத்தை எடுத்தார். அவரிடம் கற்ற தம்பி ராபர்ட் 1843-இல் எடின்பரோ போய், ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லோடு சேர்ந்து ஆயிரக்கணக்கில் படம் எடுத்தார். 1848-இல் ராபர்ட் இறந்தபோது அவருக்கு வயது 26. கேமரா பிடிக்கும் நாம் அந்தத் தெருக்களில் ஒரு முறையாவது நடக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமையை ஏன் வைத்தீர்கள் என்பது அடுத்த மனக்குறை. கல்லூரி நடக்கும் மாதங்களில் ஞாயிறு வழிபாடு முடிந்ததும் மாணவர்கள் சிவப்பு அங்கியோடு துறைமுகத்துக் கல்பாலத்தில் வரிசையாக நடப்பது வழக்கம். சாம்பல் நிறக் கடல், சாம்பல் நிறக் கல், நடுவே அந்தச் சிவப்பு. மற்ற நாள்களில் இந்தப் படம் கிடைப்பது அரிது. பழைய கோல்ஃப் மைதானத்திலும் பெரிய போட்டிகள் தவிர ஞாயிறன்று ஆட்டம் இருக்காது. அங்குள்ள சிறிய கல்பாலமான ஸ்வில்கன் பாலம்வரை பந்துக்குப் பயப்படாமல் போகலாம்.

வழி ஊரின் பழைய மேற்கு வாயிலில் தொடங்குகிறது. சவுத் தெருவில் டாக்டர் ஆடம்சன் வாழ்ந்த வீடு. செயின்ட் சால்வேட்டர் தேவாலய வாசலில் பி.எச். என்ற எழுத்துகள் தரையில் பதித்திருக்கும். மதச் சீர்திருத்தம் பேசியதற்காக 1528-இல் பேட்ரிக் ஹாமில்டனை உயிரோடு எரித்த இடம் அது. மிதித்தால் தேர்வில் தோற்றுவிடுவோம் என்று மாணவர்கள் இன்றும் சுற்றிப்போவார்கள். கேமராவைத் தரையோடு வைத்து, விலகிப்போகும் கால்களை எடுங்கள் என்று எழுதியிருந்தேன். பிறகு கோட்டை, அதன்பின் பேராலயம். 1318-இல் மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணிக்கப்பட்ட அந்த ஆலயத்தில் இன்று சில சுவர்கள்தான் மிச்சம். காலையில் உள்ளே நின்று கிழக்குச் சுவரை எடுத்தால் நிழலுருவம் கிடைக்கும். கல்லின் நிறம் வேண்டுமென்றால் மாலைவரை காத்திருக்க வேண்டும். ராபர்ட் ஆடம்சனை அடக்கம் செய்ததும் அந்த வளாகத்தில்தான்.

வருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் கை தூக்கியவர்கள் 26 பேர். வந்தவர்கள் 9 பேர். வராத 17 பேரில் முன்கூட்டிச் சொன்னவர்கள் இரண்டு பேர்தான். உடம்பு முடியாமல் போவதும் பணிநேரம் மாறுவதும் எல்லோருக்கும் உண்டு. ஒரு வரி தட்டிவிட்டிருந்தால் விடாத தூறலில் பேருந்து நிலையத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்திருக்க மாட்டோம். மனம் வலித்ததால் சொல்கிறேன்.

வந்தவர்களில் ஒருவர், ஊரிலிருந்து வந்திருந்த தம் தாயாரையும் அழைத்து வந்தார். பேராலயத்தில், அந்தக் காலத்தைப் போல ஒரு நிமிடம் அசையாமல் இருந்து படம் எடுத்துப்பார்ப்போம் என்று முக்காலியை நிறுத்தி, லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு வடிகட்டி மாட்டினேன். "மூச்சு விடலாமா தம்பி?" என்று கேட்டார் அம்மா. விடலாம் என்றேன். ஷட்டர் மூடியபின் பார்த்தால் எங்கள் எல்லோர் முகமும் கலைந்திருந்தது. அம்மாவின் முகம் மட்டும், மூக்குத்தியின் பொட்டு வெளிச்சம் உட்பட, கல்லில் செதுக்கியதுபோல் இருந்தது. அந்தப் படத்தை இந்த அறிக்கையின் அட்டையில் வைத்திருக்கிறேன்.

தாள் அச்சுக்கு இரு முறை செலவானது ஏன் என்று கேட்டிருந்தார்கள். முதல் முறை அச்சகத்தில் எழுத்துரு மாறி, கொம்பு ஓரிடம் எழுத்து ஓரிடமாக வந்துவிட்டது. அதைக் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் அச்சுக்கான பணத்தை நானே போட்டேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டன. மண்டப வாடகையே பெரிய செலவு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சந்தா பாக்கி வைத்திருக்கிறார்கள். சிலருக்கு இது இரண்டாவது ஆண்டு. பெயர்களை வாசிக்க எனக்கு விருப்பமில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தேநீர் ஏற்பாட்டைக் கவனித்த குடும்பங்களுக்கும், பழைய முக்காலிகளைக் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கூரஸ் (Culross) ஊருக்குத் தாள் எழுத ஆசை. மஞ்சள் காவி பூசிய அரண்மனையும் கூழாங்கல் பதித்த ஏற்றமான சந்துகளும் உள்ள ஊர். ஒற்றையாளாக இன்னொரு முறை முடியாது. போய்ப் பார்த்துவர இரண்டு பேர், பிழை பார்க்க ஒருவர் வேண்டும். செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் கோப்புகளை ஒழுங்காக ஒப்படைக்கிறேன். செயின்ட் ஆண்ட்ரூஸ் தாள் இன்னும் 40 பிரதி என் வீட்டில் இருக்கிறது.  சந்தா கட்ட வருபவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்